தாயக்கட்டையில் பிறந்த ஐந்து வீரர்கள்

புதுக் கதை தொடங்கும் முன் இந்தத் தடவை ஒன்றைத் தீர்த்துவிடுவது என்று எங்கள் கோத்தகிரி கூட்டத்தில் முடிவானது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, செய்வது பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்த்து ஆடும் ஆட்டம். அதில் கதாபாத்திரத்தின் ஆறு பண்புகளுக்கும் எண் போடுவது எப்படி? பலம், சுறுசுறுப்பு, உடலுரம், அறிவு, விவேகம், வசீகரம் என்ற இந்த ஆறும் ஆட்டம் முழுக்கக் கூடவே வரும். முதல் பத்து நிமிடத்தில் விழுந்த எண்ணோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்த வேண்டும். அதனால் பல முறைகளையும் ஆடிப் பார்த்தே தேர்ந்தெடுக்க நினைத்தேன்.

ஆடுகிறவர்கள் ஐந்து பேர், கதை நடத்துவது நான். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அண்ணன், டீச்சர் அக்கா, கோவையில் படிக்கும் தம்பி, பக்கத்து வீட்டு அண்ணனும் தங்கையும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் யாருக்கும் சாயங்காலம் வேறு வேலை கிடையாது.

முதலில் பழைய முறை. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த முதல் பதிப்பில், மூன்று பகடையை உருட்டிக் கூட்டி, விழுந்த வரிசைப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். சராசரி 10.5. பதினெட்டு விழ 216-ல் ஒரு வாய்ப்பு. மந்திரவாதி ஆக வேண்டும் என்று உட்கார்ந்த அக்காவுக்கு அறிவு 6, பலம் 15 வந்தது. "சரி, வாளைக் கொடு" என்றார். அவர் ஆடிய அந்த முரட்டு வீராங்கனை இன்னும் எங்கள் பேச்சில் வருகிறாள். நாமாக யோசித்திருந்தால் அப்படி ஒருத்தி கிடைத்திருக்க மாட்டாள். ஆனால் முதல் பதிப்பில் இந்த எண்களால் கூடுவதும் குறைவதும் கொஞ்சம்தான். இன்றைய விதிப்படி 10, 11-க்கு ஒன்றுமில்லை; அதற்கு மேல் இரண்டு ஏறினால் ஒன்று கூடும், கீழே போனால் அதேபோலக் குறையும். 6 என்றால் அந்தப் பண்பை நம்பி உருட்டும் ஒவ்வொரு தடவையும் இரண்டு கழியும். நீண்ட கதைக்கு அது பாரம்.

அடுத்தது நான்கு பகடை உருட்டி, குறைந்ததை விட்டுவிடுவது. 1979-ல் கதை நடத்துகிறவருக்காக வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் இதுதான் முதல் முறை; இன்றும் பலர் இதைத்தான் ஆடுகிறார்கள். சராசரி 12.24 ஆகிறது, பதினெட்டுக்கான வாய்ப்பு சுமார் 62-ல் ஒன்று. எண்களைப் பிடித்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் பிடித்த முறைதான், ஆனால் எங்கள் மேஜையில் தம்பிக்கு ஆறும் சேர்ந்து 81, பக்கத்து வீட்டுத் தங்கைக்கு 64. "அண்ணா, சண்டை வந்தா நான் பின்னாலதான் நிக்கணுமா?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. ஒரு நாள் கதை என்றால் போகட்டும் என்று விடலாம். மாதக்கணக்கில் ஒரே பிள்ளை பின்னால் நிற்பதை நான் ஏற்க மாட்டேன்.

27 புள்ளிகளைச் செலவழித்து வாங்கும் முறையில் அந்தப் பேதம் இல்லை. 8-க்கு ஒன்றும் செலவில்லை, 15-க்கு 9 புள்ளி. ஃபேக்டரி அண்ணன் கணக்கில் புலி. மூன்று 15, மூன்று 8 என்று நொடியில் முடித்துவிட்டார். மற்றவர்களும் அவரைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். உருட்டும்போது வரும் படபடப்பு போயே போச்சு.

நியாயமும் வேண்டும், அதிர்ஷ்டமும் வேண்டும். அப்போதுதான் பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை நினைவுக்கு வந்தது. ஒரு கட்டைக்கு நீண்ட முகம் நான்கு: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி, ஒரு முகம் வெறுமை. இரண்டையும் சேர்த்து உருட்டினால் ஒன்று முதல் ஆறு வரை வரும். இரண்டும் வெறுமையானால் தாயத்தில் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டை மட்டும் ஆறு என்று வைத்துக்கொண்டேன். மூன்று உருட்டலைக் கூட்டினால் மூன்றிலிருந்து பதினெட்டு, அதாவது பழைய முறையின் அதே எல்லை! சராசரி 10.125. ஆனால் எண்கள் நடுவில் கூடுதலாகக் குவியும்: பதினாறு விதமாக விழும் சோடியில் நான்கு விதத்தில் மூன்று வரும், ஆறு இரண்டு விதத்தில்தான். பதினெட்டு வேண்டுமென்றால் 512-ல் ஒரு வாய்ப்பு. நான்கு உருட்டல், குறைந்ததை விடு என்று ஆக்கினேன், சராசரி 11.65-க்கு வந்தது. எனக்கு இது பொருத்தமாகப் பட்டது. வீரர்கள் ஊர்க்காரர்களைவிடக் கொஞ்சம் தேறினவர்கள், அவ்வளவுதான்.

மேஜையில் ஆறு பேர், பண்பும் ஆறு. ஆளுக்கு ஓர் எண் உருட்டுவது. விழுந்த ஆறு எண்ணும் எல்லோருக்கும் பொது. யாருக்கு எது எங்கே என்பது அவரவர் விருப்பம்.

கரண்ட் போயிருந்தது. ஜமக்காளத்தில் எமர்ஜென்சி லைட், பக்கத்தில் வர்க்கித் தட்டு. "ரெண்டையும் உள்ளங்கைல வெச்சு நல்லா தேச்சு உருட்டுடா, தூக்கிப் போடாத" என்றார் பாட்டி. தேய்க்கும்போதே பித்தளை கணகணவென்று சத்தம் போட்டது. 13, 11, 12, 10 வந்தன. அக்கா 16 போட்டதும் எல்லோரும் கத்தினோம், ஏனென்றால் அது ஐந்து வீரர்களுக்கும் சேர்த்து விழுந்த 16. தம்பி உருட்டியது 7. யாரும் அவனைத் திட்டவில்லை. அந்த 7-ஐ எங்கே ஒளிப்பது என்பதுதான் அரை மணி நேரப் பேச்சு.

ஃபேக்டரி அண்ணன் வசீகரத்தில் வைத்தார். அக்கா உடலுரத்தில் வைத்து, மூச்சு வாங்கும் மந்திரவாதியாக வந்தார். பக்கத்து வீட்டுத் தங்கை 16-ஐச் சுறுசுறுப்பில் போட்டுவிட்டு, 7-ஐப் பலத்துக்குக் கொடுத்தாள். இப்போது குகையில் முதலில் நுழைகிறவள் அவள்தான். மொத்தம் எல்லோருக்கும் 69. ஐந்து பேரும் ஐந்து மாதிரி.

இதையே வைத்துக்கொள்கிறோம். பழைய முறையின் எதிர்பாராத் தன்மை மட்டும் குறைகிறது. அடுத்த கதையில் முதல் எண்ணைப் பலத்திலேயே வைத்தாக வேண்டும், மீதி ஐந்தும் அவரவர் இஷ்டம் என்று ஆடிப் பார்க்கப்போகிறேன். சோழியில் உருட்டலாம் என்று தம்பி சொல்கிறான். சோழி நிமிர்வதும் கவிழ்வதும் சமமாக இருக்காது. அவனிடமே ஒரு கைப்பிடி கொடுத்து, உருட்டிக் குறித்து வரச் சொல்லியிருக்கிறேன்.