ஆபரேஷன் முடிந்தபின் எதற்காகப் படுத்திருக்கிறார்கள்?

நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆறு நாள், ஏழு நாள் தங்குவது வழக்கமாக இருந்தது. ஏன் ஏழு என்று கேட்டால் டாக்டர் பிசியோவைக் கை காட்டுவார். பிசியோ வார்டைக் காட்டுவார். வார்டு சிஸ்டர் பில்லிங்கைக் காட்டுவார், பில்லிங் இன்ஷூரன்ஸைக் காட்டும். இன்ஷூரன்ஸ்காரர் நம் ஊரிலேயே இல்லை.

எனக்கு இது பழகிய கதை. இங்கே வருவதற்கு முன் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். ஒரு ஜோடி அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, தைக்க நிமிடக் கணக்குதான் ஆகும். ஆனால் அது கட்டிங்கிலிருந்து பேக்கிங் போய்ச் சேர நாள் கணக்காகும். மீதி நேரமெல்லாம் டிராலியில் சும்மா கிடக்கும். மெஷினை விரட்டுவதைவிட டிராலியைக் காலி செய்வதில்தான் லாபம் என்பது அங்கே படித்த பாடம். நோயாளி ஷூ இல்லையே என்பீர்கள். சரி, அதற்கும் வருகிறேன்.

முதலில் கொண்டுவந்தது ஒரு காகிதம் மட்டும். கட்டிலில் தொங்கும். அதில் நாலு நேரம் எழுதினால் போதும்: முதல் தடவை எழுந்து நின்றது, வாக்கரில் பாத்ரூம் போய் வந்தது, ஊசி இல்லாமல் மாத்திரையிலேயே வலி அடங்கியது, வார்டு வாசலைத் தாண்டியது. "இன்னும் ஒரு ஃபார்மா சார்?" என்று சிஸ்டர் முகம் சுளித்தார். நியாயம்தான். யாருமே படிக்காத இரண்டு பழைய ஃபார்ம்களை நிறுத்திய பிறகுதான் இதற்கு ஒப்புக்கொண்டார். 1986இல் மோட்டோரோலாவில் பிறந்த சிக்ஸ் சிக்மா என்ற தர மேம்பாட்டு முறையில் பச்சை பெல்ட், கறுப்பு பெல்ட் என்று பட்டமெல்லாம் உண்டு. என்னிடமும் ஒரு பச்சை இருக்கிறது. வார்டில் அதைவிட அந்த இரண்டு ஃபார்மை ஒழித்ததற்குத்தான் மரியாதை கிடைத்தது.

காகிதங்கள் சேரச் சேர ஒன்று தெரிந்தது. பெரும்பாலானவர்கள் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வீட்டுக்குப் போகும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் காத்திருப்பு. அந்த மூன்று நாளுக்குள்ளும் பாதி காத்திருப்புதான்.

உதாரணமாக, மதியம் ஆபரேஷன் முடிந்து வருபவர்கள் அன்று எழுந்திருப்பதே இல்லை. காரணம் முட்டி இல்லை, பிசியோ ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறார். சனிக்கிழமை ஆபரேஷன் என்றால் இன்னும் மோசம், ஞாயிறு முழுக்கக் கால் நீட்டிப் படுத்திருக்க வேண்டியதுதான். ஆபரேஷன் தியேட்டர் லிஸ்ட்டில் முட்டி கேஸ்களைக் காலையில் முதலில் போட்டு, ஒரு பிசியோவை மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை மாற்றினோம். புதிதாக ஆள் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருந்தது.

டாக்டர்கள் பக்கமும் மாற்றம் வந்தது, அதில் எனக்குப் பங்கு இல்லை. முன்பெல்லாம் வலி தெரியாமலிருக்கத் தொடையின் மேல்பக்க நரம்பை மரக்கச் செய்வார்கள். வலி போகும், கூடவே தொடைத் தசையின் பலமும் போகும், நிற்க வைத்தால் கால் மடங்கிவிடும். இப்போது மயக்க மருந்து டாக்டர் இன்னும் கீழே, தொடை நடுவில் ஊசி போடுகிறார். வலி குறைகிறது, தசை பெரும்பாலும் தன் வேலையைச் செய்கிறது. ரத்தக்கசிவைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுக்கிறார்கள். ஜப்பானில் உடாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவரும் 1962இல் வெளியிட்ட மருந்து அது, விலையும் அதிகமில்லை. முட்டியிலிருந்து தொங்கும் டியூபும் சிறுநீர் டியூபும் எல்லோருக்கும் கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது. டியூப் மாட்டிய ஆளை எழுந்து நட என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது ஆயாக்களைக் கேட்டால் தெரியும்.

இந்த வழிக்கெல்லாம் மூலவர் கோபன்ஹேகன் சர்ஜன் ஹென்ரிக் கெலெட். 1990களிலேயே தொடங்கினார். டென்மார்க்கில் இடுப்பு, முட்டி மாற்று செய்தவர்கள் 2000 வாக்கில் சுமார் பத்து நாள் தங்கினார்கள், 2009இல் நாலு நாள்தான். ஆனால் டென்மார்க் வீட்டில் கழிப்பறை உள்ளேயே இருக்கும், உட்கார்ந்து எழவும் வசதியாக இருக்கும். நம் கதை அங்கேதான் வேறாகிறது.

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். வாழ்நாளெல்லாம் சம்மணம் போட்டுப் பீடி சுற்றியவர். மூன்றாம் நாள் வாக்கரில் ஜம்மென்று நடக்கிறார், படி ஏறுகிறார், முட்டி தொண்ணூறு டிகிரி மடங்குகிறது. டிஸ்சார்ஜ் என்றதும், "நாளிக்கு செவ்வாக்கெழம பா. ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்குப் போவ மாட்டேன்" என்றார். புதன்கிழமை வந்தது. அப்போதுதான் மகன் மெதுவாகச் சொன்னார்: வீட்டில் இருப்பது குந்தும் கக்கூஸ், அதுவும் கொல்லையில். கமோடு நாற்காலி வாங்கவேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. அதை வாங்கி வர இன்னொரு நாள்.

இதை நான் மருத்துவமனைக்கு வெளியே உள்ள விஷயம் என்று ஒதுக்க மாட்டேன். விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1966இல் மறுவாழ்வு மையம் தொடங்கிய ஊர் இது. ஆள் வீட்டில் எப்படி இருக்கப் போகிறார் என்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான் என்பதை வேலூர்க்காரனுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லவேண்டியதில்லை.

அதனால் இப்போது ஆபரேஷன் தேதி கொடுப்பதற்கு முன்பே எல்லாம் கேட்டுவிடுகிறோம். கக்கூஸ் எப்படி? வாசலில் எத்தனை படி? கூட யார் இருப்பார்கள்? கடைசியாக, தினசரி காலண்டரை முன்னால் வைத்து, எந்தக் கிழமை வீட்டுக்குப் போகலாம்? அதிலிருந்து பின்னோக்கி எண்ணி ஆபரேஷன் நாளைக் குறிக்கிறோம். காலண்டரைப் பார்த்து மேனேஜ்மென்ட்டில் ஒருவர் சிரித்தார். மற்ற எந்த மாற்றத்தைவிடவும் செலவில்லாமல் ஒரு நாளை மிச்சப்படுத்தியது அதுதான்.

அவருக்குப் புரிந்தது வேறு கணக்கு. 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த எளிய விதி ஒன்று உண்டு: ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஒருவர் எத்தனை நாள் தங்குகிறார், இரண்டையும் பெருக்கினால் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை. தினம் இரண்டு பேர் ஏழு நாள் தங்கினால் பதினாலு கட்டில். நாலு நாள் என்றால் எட்டு. ஆறு கட்டில் மிச்சம் என்றதும் எல்லாக் கையெழுத்தும் சீக்கிரம் வந்தது.

எனக்குப் பயமும் அங்கேதான். காப்பீட்டுத் திட்டங்களில் இது பெரும்பாலும் பேக்கேஜ் தொகை, எத்தனை நாள் தங்கினாலும் அதே பணம்தான். ஆள் சீக்கிரம் போனால் மருத்துவமனைக்கு லாபம். கைக்காசு போட்டுச் செய்பவருக்கும் வாடகை மிச்சம்தான். 2017 ஆகஸ்டில் அரசு முட்டி இம்ப்ளான்ட்டுக்கு, அதாவது உள்ளே வைக்கும் செயற்கை மூட்டுக்கு, விலை உச்சவரம்பு வைத்து, சாதாரணமாகப் போடும் கோபால்ட் குரோமியம் வகையை வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பில்லில் வாடகைதான் கண்ணை உறுத்துகிறது. ஆனால் "சராசரி நாலு நாள்" என்று போர்டில் எழுதி மாட்டச் சொன்னபோது நான் மறுத்துவிட்டேன். எண்ணை மாட்டினால் ஆளைத் தள்ள ஆரம்பிப்பார்கள். போர்டில் இருப்பது நிபந்தனைகள்தான்: தானாகப் பாத்ரூம் போகவேண்டும், மாத்திரையில் வலி அடங்கவேண்டும், வீட்டில் உள்ள அத்தனை படியையும் இங்கே ஏறிக்காட்டவேண்டும். ஜவ்வாது மலையிலிருந்து தனியாக வந்தவர் எட்டு நாள் இருந்தாலும் அது தவறு இல்லை. போனவர்களைச் சிஸ்டர் போனில் கூப்பிடுகிறார். கெண்டைக்கால் வீக்கம், காய்ச்சல், புண்ணில் நீர் என்றால் உடனே வரச்சொல்கிறோம். திரும்பி வருபவர்களின் கணக்கையும் தங்கும் நாள் கணக்கையும் ஒரே தாளில்தான் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் காட்டச் சொன்னால் காட்டுவதில்லை.

இன்னும் சரியாகாதது டிஸ்சார்ஜ் நாள்தான். ஒன்பது மணி ரவுண்ட்ஸில் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்ட நோயாளி சாயங்காலம்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியை முந்தின நாள் இரவே டைப் செய்கிறோம், மிச்ச மருந்தைத் திருப்பும் வேலையைக் காலையிலேயே முடிக்கிறோம். இன்ஷூரன்ஸ் அப்ரூவல் மட்டும் நம் கையில் இல்லை. அது இருட்டிய பிறகு வந்தால், ஆபரேஷன் ஆன காலோடு பேரணாம்பட்டு பஸ்ஸில் ஏறுங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னொரு ராத்திரி. முந்தின நாளே உத்தேச பில்லை அனுப்பிப் பார்க்கிறோம். சில கம்பெனிகள் ஏற்றுக்கொள்கின்றன, சிலர் இறுதி பில் வந்தால்தான் ஃபைலைத் திறக்கிறார்கள்.

அடுத்து இடுப்பு எலும்பு முறிவுக்கு இதைச் செய்யச் சொல்கிறார்கள். அது வேறு வேலை. பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டி காலண்டர் பார்த்து வருவதில்லை. கக்கூஸ் கேள்வியை அட்மிஷன் அன்றைக்கே மகனிடம் கேட்கவேண்டியிருக்கும், அவர் பதறிக்கொண்டிருக்கும்போது.