திருகோணமலையில் கோடைப் பயிற்சிக் காலம்: வார இறுதிக் குறிப்புகள்

யூன் 6, 2025, வெள்ளி

சென்னையிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பயிற்சிக்கு வந்து இறங்குபவர்கள் முதலில் கேட்பது, சனிக்கிழமை எங்கே போகலாம் என்பதைத்தான். எத்தனை மணிக்கு என்றல்லவா கேட்கவேண்டும்! இது கச்சான் காற்றின் காலம். மழையை மேற்கே மலைநாட்டில் இறக்கிவிட்டு வரும் காற்று இந்தப் பக்கம் சூடாகவும் வறட்சியாகவும் வீசும். மதியத்தில் சுற்றினால் உதடு வெடிக்கும், தலை இடிக்கும். விடியற்காலை தொடங்கிப் பத்து மணி வரை ஒரு நடை, பின்னேரம் நாலரைக்குப் பிறகு இன்னொரு நடை. இடையில் குளிப்பு, சோறு, நித்திரை.

நாளை ஹஜ் பெருநாள். கிண்ணியாவில் இருந்து வேலைக்கு வருபவர்கள் வீட்டுக்கு அழைத்தால் தட்டவேண்டாம். 2009இல் திறந்த 396 மீற்றர்ப் பாலம் இருப்பதால் பஸ்ஸிலேயே போய்விடலாம். பழமோ பிஸ்கற் பெட்டியோ கொண்டுபோங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இன்றைக்கே சொல்லிவிடவேண்டும். சமைத்துப் பரிமாறிய பிறகு சொன்னால் வீட்டுக்காரருக்குத்தான் சங்கடம். பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சகனில் வைத்தால், உங்களுக்கு நேரே உள்ள பக்கத்தில் இருந்து மட்டும் வலக்கையால் எடுத்துச் சாப்பிடுங்கள்.

யூன் 14, சனி

புறாமலைத் தீவு. நிலாவெளிக் கரையில் இருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். 2003இல் தேசியப் பூங்காவானது. ஆகவே வள்ளக்காரருக்குக் கொடுப்பது ஒரு காசு, வனசீவராசிகள் திணைக்களத்தின் ரிக்கற் வேறு காசு. ரிக்கற் ஆளுக்கு, அதோடு குழுவுக்கென்று ஒரு சேவைக் கட்டணமும் வரியும் சேரும். வள்ளக்கூலி ஆளுக்கல்ல, வள்ளத்துக்கு. இரண்டு பேராகப் போனால் கை கடிக்கும், ஐந்தாறு பேர் சேர்ந்தால் தாங்கும். பேரம் பேசும்போது திரும்பி ஏற்றவரும் நேரத்தையும் கேட்டு முடிவுசெய்யுங்கள். அதை விட்டுவிட்டு விலையை மட்டும் பேசியவர்கள்தான் வெயிலில் வள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

முதல் வள்ளங்களில் போவது நல்லது. நேரம் போகப் போகக் காற்று ஏறும், மணல் கலங்கும், கூட்டமும் கூடும். கறுப்புமுனைச் சுறாவைப் பார்க்கவேண்டுமென்றாலும் ஆளரவம் இல்லாத காலைதான். அது மனிதரைக் கண்டால் தானே விலகிவிடும்; துரத்தாதீர்கள்.

மாஸ்க் பொருந்துகிறதா என்று கரையிலேயே பாருங்கள். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுக்கவேண்டும். கையை எடுத்தும் விழாவிட்டால் சரியானது. தண்ணீர் உள்ளே வருகிறது என்று வாரை இறுக்குவதில் பலன் இல்லை. பெரும்பாலும் றப்பர் விளிம்புக்குள் ஒரு கற்றை முடி மாட்டியிருக்கும், அல்லது மீசை இடம் விடும். மீசைக்கு மேல் கொஞ்சம் வஸ்லின் பூசினால் போதும். கண்ணாடியில் புகார் படியாமலிருக்க உட்புறம் எச்சில் தடவி, கடல்நீரில் ஒருதரம் அலசுங்கள்.

கரை முழுக்க உடைந்த பவளத் துண்டுகள். செருப்புக் கழன்றுபோகும், பழைய கன்வஸ் சப்பாத்து நல்லது. உயிருள்ள பவளத்தில் கால் ஊன்றவே கூடாது. அது உடையும், உங்கள் காலும் கிழியும், அந்தக் காயம் லேசில் ஆறாது. தீவில் குடிதண்ணீர் இல்லை, நிழலும் குறைவு. ஆளுக்கு இரண்டு லீற்றர் கொண்டுபோய், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பொலித்தீன் வேண்டாம். கிறீமை விட முழுக்கைச் சட்டை மேல்: நீந்துபவரின் முதுகுதான் முதலில் வேகும்.

சொறிமுட்டை (ஜெலி மீன்) பட்டால் கடல்நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் கலங்கள் இன்னும் வெடித்து எரிவு கூடும்.

யூன் 22, ஞாயிறு

டச்பே கடற்கரையில் பின்னேரம். கடலை, இறால் வடை, காற்று வாங்க வந்த குடும்பங்கள். ஊர்ப் பெடியளோடு பழகவேண்டுமென்றால் ஹோட்டலில் உட்கார்ந்திருப்பதை விடக் கடற்கரைக் கிறிக்கெட்டில் பந்து பொறுக்குவது விரைவான வழி. இரண்டாம் நாள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

பாலைப்பழம் வந்துவிட்டது. பால் உதட்டில் பிசினாக ஒட்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் போகும், சோப் போட்டால் போகாது.

யூலை 5, சனி

கன்னியா வெந்நீர்க் கிணறுகள். அநுராதபுர வீதியில் ஏழெட்டுக் கிலோமீற்றர் போய் உள்ளே திரும்பவேண்டும். ஓட்டோவைப் போய்வரவும் காத்திருக்கவும் சேர்த்தே பேசுங்கள். ஏழு சிறிய கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இறங்கிக் குளிக்கும் குளமென்று நீச்சலுடுப்போடு வருபவர்கள் ஏமாறுவார்கள்; வாளியால் அள்ளி ஊற்றுவதுதான் இங்கே வழக்கம். சூடு குறைந்த கிணற்றில் தொடங்குங்கள். சோப், ஷாம்பு கிட்டவும் வேண்டாம். கூட்டம் கூடினால் கிணற்றில் நீர் இறங்கிக் கலங்கும், அதனால் இதுவும் காலை வேலைதான்.

யூலை 9, புதன்

நாளை போயா, பௌர்ணமி விடுமுறை. வெள்ளி லீவு எடுத்தால் நான்கு நாள். அதே கணக்கை நாடே போட்டிருக்கும். கொழும்புக்கு இரவு ரயிலில் இருக்கை இப்போது தேடினால் கிடைக்காது. சிகிரியாவுக்கு நேர் பஸ்ஸைத் தேடாதீர்கள். கொழும்பு பஸ்ஸில் ஹபரணை தாண்டி இனாமலுவையில் இறங்கினால், அங்கிருந்து பத்துக் கிலோமீற்றர். ஹபரணை வீதியில் இருட்டியபின் யானை குறுக்கே வரும். ஸ்கூட்டரில் போக நினைப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும். இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிரித்துவிடும்.

யூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. கன்னியாவில் பிதிர்க்கடன் செய்ய வருபவர்களின் நாள். சும்மா பார்க்கப் போகவேண்டாம். கோணேசர் கோயிலுக்கு வேறொரு பின்னேரம் போங்கள். கோட்டை வாசலில் இருந்து நடந்தே ஏறலாம், கல் ஆறியிருக்கும். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, கமராவைக் கண்டபடி திருப்பாதீர்கள். மான்களுக்குப் பையோடு எதையும் நீட்டினால் பையையும் சேர்த்தே விழுங்கும்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

பிரியாவிடை விருந்தை வரும் வெள்ளிக்கு வைக்கலாமென்று பேச்சு. 8ஆம் திகதி மறுபடி போயா: இறைச்சிக் கடையும் மதுக்கடையும் பூட்டு. அதோடு வெள்ளி நண்பகல் ஜும்ஆத் தொழுகை. வியாழன் பின்னேரமே கோழியை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், அல்லது விருந்தைச் சனிக்குத் தள்ளி, அன்று விடிய மீன்சந்தைக்குப் போய் நண்டு வாங்குங்கள். நண்டென்றால் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுக்கவேண்டும். பங்குக் காசை முதலே சேர்த்துவிடுங்கள். ரயிலேறியவரிடம் வாங்குவது சுலபமல்ல.