சேரம்பாடி லயத்திலிருந்து பாராசூட் படைக்கு

நீலகிரி சேரம்பாடியில், டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துத் தம்பிகள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, "அண்ணே, அவ்வளவு உயரத்திலிருந்து குதிக்கப் பயமா இருக்காதா?" என்பதுதான். என்னை அதிகம் பயமுறுத்தியது உயரமல்ல, காகிதம்.

நான் பிறந்தது இலங்கையில், நுவரெலியா பக்கம். அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ளச் செய்த 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, 1983-இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் வந்தோம். அப்புறம் மண்டபம் முகாம், பிறகு இந்தத் தேயிலைக்காடு. குடும்ப அட்டையில் என் பெயர் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி. ராணுவ ஆள்சேர்ப்பு ஓட்டத்தில் தேறியும் அந்த ஓர் எழுத்துக்காகத் திரும்பி வந்தேன். ஒரு வருடம் வீணாயிற்று. அதனால் தம்பி, ஓடத் தொடங்கும் முன்பே உன் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார். பெற்றோரின் குடியுரிமைத் தாளைப் பத்திரமாக வை.

அந்த ஓட்டம் 1.6 கிலோமீட்டர்; எவ்வளவு வேகமோ அவ்வளவு மதிப்பெண். மேட்டில் ஓடிப் பழகிய நமக்கு மூச்சு தாங்கும், வேகம்தான் வராது. வாரம் இரண்டு நாளாவது சமதளத்தில் கடிகாரம் பார்த்து ஓடு.

வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி முடித்து, சில காலம் கழித்துப் பாரா எனும் பாராசூட் படைக்கு நானே பெயர் கொடுத்தேன். விரும்பி வருபவர்களைத்தான் எடுப்பார்கள். தகுதிகாண் காலத்தில் தூக்கமில்லாத நேரத்தில் இந்தியில் கட்டளை வரும். புரிந்துகொள்ள அரை நொடி தாமதித்தாலும் பின்தங்கிவிடுவாய். இப்போதே பேசிப் பழகு.

பிறகு ஆக்ராவில் பாராசூட் பயிற்சி. ஐந்து குதிப்பு, அதில் ஒன்று இரவில். ஏறத்தாழ 1,250 அடி. பாராசூட்டின் கயிறு விமானத்துக் கம்பியோடு கோத்திருப்பதால் குடை தானாக விரியும். தரையில் இறங்குவதுதான் கஷ்டம். தேயிலைச் சரிவில் இறங்கும்போது நாம் ஒரு காலை முன்னால் ஊன்றித்தானே இறங்குகிறோம்? அங்கே அப்படி ஊன்றினால் கணுக்கால் போய்விடும். பாதமும் முட்டியும் ஒட்டியிருக்க, இரண்டு காலும் ஒன்றாகத் தரை தொட்டு, பக்கவாட்டில் உருள வேண்டும். "பைர் ஜோடோ" (காலைச் சேர்த்து வை) என்று உஸ்தாத், அதாவது பயிற்சியாளர், என்னைத் திட்டாத நாளில்லை. கடைசியில் முட்டிகளுக்கு நடுவே கைக்குட்டையைச் செருகிக்கொண்டு, அது விழாதபடி தாழ்வான திட்டிலிருந்து மணலில் குதித்துக் குதித்துத்தான் அந்த மலைப்பழக்கம் போயிற்று.

இரவுக் குதிப்பில் தரை தெரியாது. அதைத் தேடிக் காலை நீட்டாதே. முட்டியை ஒட்டி வைத்துக்கொண்டு காத்திரு, தரை தானாக வரும்.