தகடூர்ச் சாலையில் ஒரு புத்தகப் பட்டியல்

இடைக்கால வரலாற்றுக்கு வீட்டில் நூலகம் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் சோழர்களில் தொடங்கி சோழர்களோடு நின்றுவிடுகிறார்கள். நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’, சதாசிவப் பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ இரண்டும் அலமாரியில் இருக்க வேண்டியவைதாம். ஆனால் தருமபுரி (பழைய பெயர் தகடூர்), கிருஷ்ணகிரிப் பக்கம் வந்தால் அவை பாதி வழிக்கே துணை. பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், அதியர், ஒய்சளர் என்று கை மாறிக்கொண்டே இருந்த எல்லை நாடு இது. இங்கே அரச மரபைப் பார்த்து வாங்குவதைவிட ஊரைப் பார்த்து வாங்குவதே பயன் தரும்.

தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் தொடங்கலாம். போரில் விழுந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்களை அருகில் நின்று பார்க்க இதைவிட வசதியான இடம் இந்தப் பகுதியில் இல்லை. துறை வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ (1972), ‘தருமபுரி கல்வெட்டுகள்’ (1975) இரண்டும் கையில் இருந்தால், எந்தக் கல் எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யார் தொறு (ஆநிரை) மீட்டு விழுந்தான் என்பது வரி வரியாகப் புரியும். செங்கம் இன்று திருவண்ணாமலை மாவட்டம். ஆனாலும் ஊத்தங்கரைக்கு அண்டை நிலம்தான், ஆநிரைச் சண்டையும் அதே மாதிரிதான். பழைய பதிப்புகள் கடைகளில் சிக்குவது அரிது. எழும்பூரில் உள்ள துறைத் தலைமையகத்தில் முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் நூலகப் படியை ஜெராக்ஸ் எடுத்துக் கெட்டி அட்டையில் பைண்டிங் செய்துகொள்ளலாம். சுருள் கம்பி வேண்டாம், தாளின் ஓரம் கிழியும்.

தேடும்போது பலரும் வழுக்குவது மாவட்டப் பெயரில். தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004இல். ஆகவே பழைய கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஓசூரும் அரூரும் சேலம் மாவட்டத்தின் கீழ்தான் கிடைக்கும். செங்கத்தை வட ஆர்க்காட்டில் தேட வேண்டும். ‘தருமபுரி’ என்று மட்டும் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று மூடியவர்கள் ஏராளம். 1918இல் வந்த ரிச்சர்ட்ஸின் சேலம் மாவட்ட கெசட்டியரை (மாவட்ட விவரக் குறிப்பேட்டை) வாங்கச் சொல்வதும் இதற்காகவே. அதன் வரலாற்று முடிவுகள் பழசாகிவிட்டன. ஊர்ப்பெயரும் வட்ட எல்லையும் சரிபார்க்க இன்னும் உதவும்.

தருமபுரிக் கோட்டைக் கோயில்களைப் பார்த்துவிட்டு (நண்பகலுக்குள் போய்விடுங்கள், நடை சாத்திவிடுவார்கள்) வடக்கே காவேரிப்பட்டினம் வழியாகப் பெண்ணேஸ்வர மடம் போகலாம். கல்வெட்டுகளை மாலைச் சாய்வெயிலில் பார்ப்பது நல்லது. உச்சி வெயிலில் எழுத்துப் பள்ளம் தெரியாது. டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பாய்ச்சினாலும் போதும். சுண்ணாம்புக் கட்டி, எண்ணெய், மாவு எதையும் பூசக்கூடாது.

கல்லில் ‘குலோத்துங்க சோழதேவர்க்கு யாண்டு 22’ என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். குலோத்துங்கர் மூவர், ஆட்சித் தொடக்கம் முறையே 1070, 1133, 1178. கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தியைப் பார்த்துத்தான் ஆளைப் பிரிக்க முடியும். மூன்றாமவன் என்றால் 22ஆம் ஆண்டு 1199-1200. சக ஆண்டு தந்திருந்தால் கி.பி. ஆண்டுக்கு 78 கூட்டுங்கள், ஆண்டின் கடைசி மாதங்களுக்கு 79. திதி, நட்சத்திரத்தோடு துல்லிய நாள் வேண்டுமென்றால் சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைத் தொகுதிகள் தேவை. விலைக்கு வாங்க வேண்டாம், ஸ்கேன் படி போதும்.

தகடூர் அதியமான்கள் சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை. மூன்றாம் குலோத்துங்கன் காலத்து அதியமான் தலைவன் விடுகாதழகிய பெருமாளை அறிய, போளூர் அருகே திருமலையில் உள்ள கல்வெட்டைப் படிக்க வேண்டும். அது தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் (1890) இருக்கிறது. உள்ளூர்த் தலைவனைப் பற்றிய சான்று வெளியூர் மலையில்!

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதைத் தாண்டினால் ஒய்சள நிலம். 1254க்குப் பின் ஒய்சள நாடு இரண்டாகப் பிரிந்தது. தமிழகப் பக்கத்தைப் பெற்ற வீர ராமநாதன் திருச்சி அருகேயுள்ள கண்ணனூரை விட்டுப் பின்னர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குந்தாணிக்கு வந்தான். இதற்கு ரைஸ் பதிப்பித்த ‘எபிகிராபியா கர்நாடிகா’ என்னும் கர்நாடகக் கல்வெட்டுத் தொகுப்பின் பெங்களூர், கோலார் தொகுதிகள் (9, 10) கட்டாயம். கன்னடம் தெரியாதவர் தயங்க வேண்டாம், கோலார்ப் பக்கத்தில் தமிழ்க் கல்வெட்டுகளும் நிறைய உண்டு.

பண்டாரத்தார், இராசமாணிக்கனார் நூல்கள் நாட்டுடைமையானவை. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கைக்காசை மூலத் தொகுதிகளுக்கும், தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழ்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கண்டெடுத்த கல்வெட்டுகள் பல முதலில் அச்சாவது அதில்தான்.

கல்வெட்டுத் தொகுதிகள் உயரமும் கனமும் கூடியவை. தட்டுகளுக்கிடையே 14 அங்குலம் விடுங்கள். முக்கால் அங்குல பிளைவுட்டில் தட்டு நீளம் இரண்டரை அடியைத் தாண்டினால் நடுவில் தொய்யும். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் கரையான் ஏறுவது கண்ணில் படும்.