கிளாடியேட்டருக்கு எண் தேடி அலைந்த கதை

பழைய போர் விமானப் பாகம் வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை. பாகத்தோடு கட்டி வரும் சீட்டை நம்பாதீர்கள். விற்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவருக்கு விற்றவர் சொன்னதை அவர் எழுதி வைத்திருப்பார், அந்த ஆளுக்கு வேறு யாரோ சொல்லியிருப்பார்கள். நாலு கை மாறுவதற்குள் 'இருக்கலாம்' என்பது 'இருந்தது' என்று ஆகிவிடும்.

நான் சனிக்கிழமைகளில் போகிற மறுசீரமைப்புக் குழு இங்கிலாந்தில் ஒரு பண்ணைக் கொட்டகையில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள், ஒரு தச்சர், என்னைப் போல வாரநாளில் வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள், அவ்வளவுதான். ஒரு சேகரிப்பாளர் இறந்துபோய் அவர் குடும்பம் கொட்டகையைக் காலி செய்தபோது இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் இரட்டை இறக்கைப் போர் விமானமான கிளாஸ்டர் கிளாடியேட்டரின் பாகங்கள் என்று ஒரு குவியல் எங்களுக்கு வந்தது. ரட்டரின் (வாலில் இருக்கும் சுக்கானின்) சட்டகம், மேல் கீழ் இறக்கைகளுக்கு நடுவே நிற்கும் ஸ்ட்ரட் இரண்டு, நசுங்கிய எஞ்சின் மூடித் தகடுகள், பின்னுடலின் இரும்புக் குழாய்க் கூட்டில் ஒரு துண்டு. கூடவே மஞ்சளேறிய அட்டையில் பென்சிலால் 'லெஸ்யாஸ்கோக், 263'.

விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தை போதும், தூக்கம் போய்விடும். 1940 ஏப்ரல் 24 அன்று பிரிட்டிஷ் விமானப்படையான ஆர்ஏஎஃப்பின் 263 ஸ்குவாட்ரன் என்ற பிரிவு குளோரியஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 18 கிளாடியேட்டர்களைக் கிளப்பி, நார்வேயில் உறைந்து கிடந்த லெஸ்யாஸ்கோக் ஏரியின் மேல் இறக்கியது. மறுநாள் காலையில் குளிரில் கார்புரேட்டர் உறைந்து எஞ்சின் கிளம்பவில்லை, அதற்குள் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் வந்துவிட்டன. அன்று பெரும்பாலானவை பனிக்கட்டி மேலேயே அழிந்தன, மிஞ்சியதும் சீக்கிரமே போயிற்று. பனி உருகியபோது பல ஏரிக்குள் போய்விட்டன. 1968ல் அங்கிருந்து எடுத்த, 'என் 5628' என்ற எண்ணுள்ள விமானம் ஆர்ஏஎஃப் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதே கூட்டத்தைச் சேர்ந்த 'என் 5641' இப்போது ஓஸ்லோ பக்கம் கார்டர்மோனில் முழு விமானமாக நிற்கிறது. மொத்தம் 747 கிளாடியேட்டர் கட்டினார்கள், பறக்கிற நிலையில் மீட்டெடுக்கப்பட்டவை இரண்டு: ஷட்டில்வொர்த் விமானச் சேகரிப்பின் 'எல் 8032', டக்ஸ்ஃபோர்ட் விமானத்தளத்தில் உள்ள 'என் 5903'. அப்படிப்பட்ட ஒன்றின் உடன்பிறப்பு எங்கள் கொட்டகையில் கிடக்கிறது என்றால் சும்மா இருக்க முடியுமா?

எண் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இந்த உலகத்தில் விமானத்தின் அடையாளம் என்பது உலோகம் அல்ல, வரலாறு. முக்கால்வாசி புதுக் குழாய், புதுத் துணி போட்டுக் கட்டினாலும் 'இது இன்ன எண், இன்ன இடத்தில் விழுந்தது, இன்னாரிடம் இருந்தது' என்று காகிதத்தில் அறுபடாமல் காட்ட முடிந்தால் அது அந்த விமானம்தான். காட்ட முடியாவிட்டால் எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் நகல். எனக்கு இதில் முழு உடன்பாடு கிடையாது, ஆனால் பணம் போடுகிறவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

சரி, காகித வேலை. லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அடையாள அட்டை, முகவரிச் சான்று கொண்டுபோய் வாசகர் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பென்சில் மட்டும்தான் உள்ளே, படம் எடுத்துக்கொள்ளலாம். ஸ்குவாட்ரன் செயல்பாட்டுப் பதிவேடுகள் ஏஐஆர் 27 வரிசையில் இருக்கின்றன, அவற்றை ஸ்கேன் செய்து வைத்திருப்பதால் வீட்டிலிருந்தே பார்க்கலாம், அங்கே போனால்தான் ஆகும் என்று லீவு போடாதீர்கள். 540 படிவம் நாள்வாரிச் சுருக்கம், 541 படிவத்தில்தான் யார் எந்த விமானத்தில் போனார் என்ற விவரம். எண் எழுத வேண்டிய கட்டத்தில் பல எழுத்தர்கள் பாதி எண்ணை எழுதுவார்கள், சிலர் எழுதவே மாட்டார்கள். குண்டு விழும் ஏரிக்கரையில் யார் உட்கார்ந்து எண் சரிபார்ப்பார்கள்? 263 இரண்டாவது முறையும் நார்வே போய், ஜூன் 8 அன்று குளோரியஸ் ஜெர்மன் போர்க்கப்பல்களின் பீரங்கியில் மூழ்கியபோது தன் தலைவர் ஜான் டொனால்ட்சனையும் பல விமானிகளையும் இழந்தது. பிறகு கேட்டு எழுதவும் ஆள் இல்லை.

இன்னொரு ஆதாரம் 78 படிவம். ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அட்டை. எந்தக் கிடங்கு, எந்த ஸ்குவாட்ரன், எப்போது பழுது, எப்போது கணக்கிலிருந்து நீக்கம். ஆர்ஏஎஃப் அருங்காட்சியகத்தில் கேட்டால் கிடைக்கும். இதில் ஒரு எச்சரிக்கை. கணக்கிலிருந்து நீக்கிய தேதி என்பது யாரோ மேஜையில் உட்கார்ந்து கோடு போட்ட தேதி, விமானம் அழிந்த தேதி அல்ல. ஏப்ரலில் எரிந்த விமானம் காகிதத்தில் மேலும் சில வாரம் உயிரோடு இருக்கலாம். அந்தத் தேதியை வைத்து 'அப்படியானால் இது ஏரியிலிருந்து தப்பித்தது' என்று முடிவு கட்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு வாதம் செய்வதற்குப் பதில் வேறு வேலை பார்க்கலாம். எண்ணின் பின்னால் எம் என்ற எழுத்தோடு புதிய எண் ஒன்று தென்பட்டால் மட்டும் விடாதீர்கள். அது பறப்பதை நிறுத்தி, பெரும்பாலும் பயிற்சிப் பள்ளிக்குப் போன விமானம், அப்படிப் போனவற்றில் சில பிழைத்திருக்கின்றன. ஆர்ஏஎஃப் அருங்காட்சியகத்தின் கே 8042க்கு அப்படி 8372எம் என்று ஓர் எண் உண்டு.

இந்த அட்டைகளை வைத்துக்கொண்டு அந்த 18ல் எது நம்முடையது என்று கழித்துக்கொண்டே வந்தோம். ஒன்றும் ஒட்டவில்லை. அப்போதுதான் ஒரு சின்ன ஊர்க் காப்பகத்தில், பெயர் வேண்டாம், நார்வே படங்கள் ஒரு ஃபைல் இருப்பதாகத் தெரிந்தது. மின்னஞ்சலில் எழுதிக் கேட்டேன், 'வாருங்கள், எடுத்து வைக்கிறோம்' என்று பதில் வந்தது. ரயில்பாதையில் வேலை நடக்கிறது என்று பாதி வழியில் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றினார்கள், மழை வேறு. போய்ச் சேர்ந்தால் கவுன்ட்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே அந்த ஃபைல் பராமரிப்புக்குப் போயிருக்கிறது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். மின்னஞ்சலைக் காட்டினேன். "அது நான் அனுப்பியது இல்லையே" என்றார். அனுப்பியவர் யார் என்று கேட்டால் அவர் புதன்கிழமைகளில் மட்டும்தான் வருவாராம். அப்படியானால் அட்டவணையில் படங்களின் விவரமாவது இருக்குமே, அதையாவது பார்க்கலாமா என்றேன். அது அலுவலக உபயோகத்துக்கு மட்டும். இன்னும் நினைத்தால் எரிகிறது. உங்களுக்குச் சொல்வது: பதில் அனுப்பியவரின் பெயரையும் ஃபைலின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள், கிளம்புவதற்கு முதல்நாள் போன் செய்து ஃபைல் மேஜைக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள். 'எடுத்து வைக்கிறோம்' என்பது எடுத்து வைத்தாயிற்று என்று ஆகாது.

விடை கொட்டகையிலேயே இருந்தது. அந்த ஸ்ட்ரட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த எங்கள் ஃபிட்டர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், வாயே திறக்க மாட்டார், அன்று என்னைக் கூப்பிட்டு "பச்சை எங்கே?" என்றார். முதலில் புரியவில்லை. 263 நார்வேக்குக் கொண்டுபோன கிளாடியேட்டர்கள் பச்சையும் பழுப்பும் கலந்த போர்க்கால வண்ணத்தில் இருந்தவை. எங்கள் ஸ்ட்ரட்டில் வெள்ளி நிறம் மட்டும்தான். துருவின் ஓரத்திலும் வெள்ளி, பொருத்து ஆணியின் தலைக்கு அடியில், யாரும் சுரண்டியிருக்க முடியாத இடத்திலும் வெள்ளி. பச்சையின் சுவடே இல்லை.

அப்புறம் ரட்டரை எடுத்தோம். சட்டகத்தில் துணி போய்விட்டது, ஆனால் தையல் ஓடிய விலாக்களின் ஓரத்தில் துணிமேல் பூசும் டோப் என்ற பழைய பூச்சு பொறுக்குத் தட்டி ஒட்டியிருந்தது. ஒரு இடத்தில் சிவப்பு. எனக்குக் கை நடுங்கியது, ஏனென்றால் நார்வேக்காரர்கள் அப்போது தங்கள் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகளை இறக்கையிலும் ரட்டரிலும் தீட்டுவார்கள். தச்சர் உடனே தண்ணீர் ஊற்றினார்: துணியை இறுக்க முதலில் பூசும் டோப்பே செங்கல் நிறம்தானே, பிரிட்டிஷ் விமானம் எதைச் சுரண்டினாலும் அடியில் அது இருக்கும். நியாயமான பேச்சு. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தச் சட்டகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். கீழ்ப்பக்கம் ஒரு மூட்டில், நூல் முடிச்சு இருந்த இடத்தில், நகக்கண் அளவுக்கு நீலம். அடியில் செங்கல், அதன் மேல் வெள்ளி, அதன் மேல் நீலம். செங்கல் நிறத்துக்குக் காரணம் சொல்லலாம், 263 நார்வேக்குக் கொண்டுபோன கிளாடியேட்டரின் ரட்டரில் நீலத்துக்கு என்ன காரணம் சொல்வது? தச்சர் ஒன்றும் பேசாமல் டீ போடப் போய்விட்டார். இந்த மொத்த அலைச்சலில் எனக்குப் பிடித்த நிமிடம் அதுதான்.

அதாவது நாங்கள் தேடிய ஏரியும் தப்பு, விமானப்படையும் தப்பு. நார்வே ராணுவமே தனக்கென்று கிளாடியேட்டர் வாங்கியிருந்தது, மொத்தம் 12. அவற்றுக்கு 413லிருந்து 435 வரை ஒற்றைப்படை எண்கள் மட்டும். 1940 ஏப்ரல் 9 காலையில் ஜெர்மனி ஓஸ்லோ மீது வந்தபோது ஃபோர்னெபு தளத்திலிருந்து ஏழு கிளாடியேட்டர்கள் எழும்பி, எதிரே வந்த பெரும்படையோடு மோதின. கீழே இறங்கிய சில தளத்திலேயே சுடப்பட்டு எரிந்தன, திரும்பி வர இடமில்லாத மற்றவை சுற்றியிருந்த உறைந்த ஏரிகளில் இறங்கின. நார்வே, கிளாடியேட்டர், உறைந்த ஏரி என்று மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் உடனே லெஸ்யாஸ்கோக்தான் நினைவுக்கு வரும். அட்டை எழுதியவருக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

இதற்குப் பிறகு எஞ்சின் மூடித் தகட்டின் உள்பக்கம் இருந்த எழுத்துகள் வேறு மாதிரி தெரிந்தன. '42' என்று தெளிவாக, மூன்றாவது இலக்கம் இருந்த இடத்தில் ஓட்டை. பாக எண்ணின் மிச்சம் என்று ஒதுக்கி வைத்திருந்த தகடு அது. ஒற்றைப்படை விதிப்படி 421, 423, 425, 427, 429 என்று ஐந்தில் ஒன்று. தகடு ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கலாம், போர்க்காலத்தில் கையில் கிடைத்ததை மாட்டுவார்கள், அதனால் இதை மட்டும் வைத்து அடையாளம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் 18ல் ஒன்றைத் தேடி ஒன்றும் ஒட்டாமல் இருந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

நார்வேயில் ஓய்வுபெற்ற ஒரு ஆர்வலருக்கு எழுதினேன். மறுநாளே பதில், கூடவே படங்கள், எதற்கும் காசு கேட்கவில்லை. கவுன்ட்டர் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அந்த ஆர்வலர் சொன்ன ஒரு தகவல் எல்லோருக்கும் உதவும். நார்வேக்குள் வந்த ஜெர்மன் சிப்பாய்கள் பனியில் நின்ற விமானங்களின் முன்னால் நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பழைய ஆல்பங்கள்தான் இப்போது இணைய ஏலங்களில் பக்கம் பக்கமாகப் பிரித்து விற்கப்படுகின்றன. படத்தின் பின்னால் எழுதியிருக்கும் இடப்பெயரை நம்ப வேண்டாம், சிப்பாய்க்கு எந்த ஏரி என்று தெரிந்திருக்காது. மலையின் விளிம்பு, கரையில் உள்ள வீடு, எண், இவைதான் சாட்சி. ஏலத்தில் விற்பனைக்கு வந்தவுடனே படத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள், விற்று முடிந்ததும் பக்கத்தை எடுத்துவிடுவார்கள்.

கட்டும் வேலை எப்போது என்று கேட்கிறவர்களுக்கு: இப்போதைக்கு இல்லை. இந்தப் பாகங்களிலிருந்து அளவு எடுக்கலாம், வடிவம் பார்க்கலாம், ஆனால் இதை முழு விமானம் என்று சொல்லிக்கொண்டு பணம் திரட்டும் உத்தேசம் குழுவில் யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. எஞ்சின்கூட ஒருவேளை கிடைத்துவிடும். கிளாடியேட்டரின் மெர்குரி எஞ்சின் பிளென்ஹைம், லைசாண்டர் என்ற வேறு இரண்டு பிரிட்டிஷ் விமானங்களிலும் இருந்தது, பிளென்ஹைமின் கனடா வடிவமான போலிங்புரோக்குகளைப் போருக்குப் பிறகு அங்குள்ள பண்ணைக்காரர்கள் உதிரிக்காக வாங்கி வயலோரம் போட்டு வைத்ததால் அந்த எஞ்சின் மற்றவற்றைவிடச் சுலபமாக அகப்படும். இறக்கையும் அதன் உள்கூடும்தான் தலைவலி, அதில் எங்களிடம் இருப்பது இரண்டு ஸ்ட்ரட். ரட்டர் மட்டும் துணி போடாமல், சுரண்டாமல் அப்படியே இருக்கிறது. அந்த நீலத்தின் மேல் புது டோப் பூசலாம் என்று சொன்ன ஒருவரை ஃபிட்டர் பார்த்த பார்வையில் அவர் அடுத்த வாரம் வரவில்லை.

அந்த அட்டையை நாங்கள் கிழிக்கவில்லை, பின்பக்கம் தேதி போட்டு 'இது தவறு, காரணம் ரட்டரில்' என்று எழுதி அதே கம்பியில் திரும்பக் கட்டியிருக்கிறோம். யாரிடமாவது ஏப்ரல் 1940, உறைந்த ஏரி, இரட்டை இறக்கை விமானம் என்று ஒரு படம் இருந்தால், 421லிருந்து 429க்குள் ஒற்றைப்படை எண் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எஞ்சின் மூடி கழன்று கிடக்கும் படமாக இருந்தால் பாதி இரவானாலும் எழுப்பலாம்.