பினாங்குல ஹம்மிங்பேர்டா?

தண்ணிமலை பக்கம் ஹம்மிங்பேர்ட் பார்த்தேன்னு வாட்ஸ்அப் குரூப்ல வீடியோ போடுறவங்களே, அது குருவி இல்லங்க, அந்துப்பூச்சி. நெஜ ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களை விட்டு வேற எங்கயும் கெடையாது.

எங்க பிளாட் கீழ வெட்சிச் செடிக்கு காலைல ஒண்ணு வருது, பச்சை உடம்பு, இடுப்புல செவப்புப் பட்டை, வால் நுனில கறுப்பா ஒரு குஞ்சம், கொசுவத்திச் சுருள் மாதிரி சுருட்டி வச்ச குழலை நீட்டி பூ மேல உக்காராமலே அந்தரத்துல நின்னு உறிஞ்சிட்டு டக்குனு அடுத்த பூவுக்குத் தாவிடும், போன்ல ஃபோகஸ் பண்றதுக்குள்ள ஆள் காலி. இறக்கை சுத்தமா கண்ணாடி! கூட்டுலேருந்து வெளிய வரப்ப சாம்பல் செதில் ஒட்டிருக்குமாம், முதல் தடவை பறக்குறப்பவே எல்லாம் கொட்டிடும்.

இது பகல் ஷிஃப்ட். சொந்தக்காரங்க நெறைய பேரு ராத்திரி டியூட்டி, கிளம்புறதுக்கு முன்னாடி உக்காந்த எடத்துலயே நடுங்கி நடுங்கி ஒடம்பை சூடேத்திக்குவாங்க. பப்பாளிப் பூவுக்கு மகரந்தம் கொண்டு போறதும் இவங்கதான்.

இப்ப மேட்டர் என்னன்னா, பக்கத்து வீட்டு ஆண்ட்டியோட கார்டினியா தொட்டில இதோட புழு, வால்ல கொம்போட. ஆண்ட்டி மருந்து பாட்டிலோட நிக்கிறாங்க. "கொம்பு கொட்டாது ஆண்ட்டி, எலை திரும்ப வந்துரும் லா"ன்னேன். "அப்ப நீயே வச்சு வளர்த்துக்கோ"ன்னுட்டாங்க. புழு இப்ப நம்ம வீட்ல, செம பசி வேற. ஜெலுத்தோங் பக்கம் யார்கிட்டயாவது மருந்தடிக்காத கார்டினியா எலை இருந்தா பிஎம் பண்ணுங்க.