வேர் நுனியில் ஒரு கறுப்பு வட்டம்: தாடை நீர்க்கட்டிக் குறிப்புகள்

3 ஜூன் 2025, செவ்வாய்

மேல் முன்பல்லின் வேர் நுனியில் சுண்டைக்காய் அளவு கறுப்பு வட்டம், ஓரத்தில் பென்சிலால் இழுத்தாற்போல் மெல்லிய வெள்ளைக் கோடு. இப்படி ஒரு எக்ஸ்ரே வந்ததும் சீட்டில் 'வேர்நுனி நீர்க்கட்டி' என்று எழுதக் கை பரபரக்கும். பொறுக்க வேண்டும். அழற்சித் திசு திரண்ட கிரானுலோமாவும் அச்சு அசலாக இப்படியே தெரியும். வட்டம் பெரிதாக இருந்தால் நீர்க்கட்டிக்கு வாய்ப்பு கூடுதல். அதற்கு மேல் படம் எதுவும் சொல்லாது.

படத்தைக் கீழே வைத்துவிட்டுப் பல்லிடம் கேட்க வேண்டும். வேர்நுனி நீர்க்கட்டி, உள்ளே பல்கூழ் (நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசு) செத்துப்போன பல்லில்தான் வரும்.

குளிர்ச் சோதனை செய்யும் முறை: பல்லைத் துடைத்து உலர்த்தி, இருபுறமும் பஞ்சுச் சுருள் வைக்கவும். எதிர்ப்பக்கத்தில் உள்ள அதே பல்லை முதலில் சோதிக்கவும்; அவருக்கு 'சரியான கூச்சம்' எப்படி இருக்கும் என்று அப்போதுதான் புரியும். குளிர் ஸ்பிரேயைச் சிறு பஞ்சு உருண்டையில் அடித்துப் பல்லின் முன்பக்கத்தில் வைத்து, கூசினால் கையைத் தூக்கச் சொல்லவும். கூசிச் சில விநாடியில் அடங்கினால் பல் உயிரோடு இருக்கிறது. பத்துப் பதினைந்து விநாடி வைத்தும் ஒன்றுமில்லை என்றால், பல்லில் சிறு மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் மின் சோதனையும் செய்த பிறகே முடிவு.

மின் சோதனை ஏமாற்றும் இடங்கள் பல. பல் ஈரமாக இருந்தால் மின்சாரம் ஈறுக்குப் போய்விடும், செத்த பல்லும் 'கூசுது' என்று சொல்லும். அழுகித் திரவமான கூழும் மின்சாரத்தைக் கடத்தும். வேர் முழுதாக வளராத சிறுவரின் பல்லோ, உயிரோடு இருந்தும் பதில் தராது. பெரிய கட்டி பக்கத்துப் பற்களின் நரம்பை அழுத்தினால் அவையும் மரத்துப்போகும். அவற்றுக்கெல்லாம் சேர்த்து ரூட் கேனல் செய்துவிடுவது வீண் வேலை.

5 ஜூன், வியாழன்

பல் உயிரோடு இருக்கிறது, வட்டமும் இருக்கிறது என்றால்? மேல் நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே என்றால் அது அண்ணத்துக்கு நரம்பு இறங்கும் துளையாக இருக்கலாம். 6 மில்லிமீட்டர் வரை அகலம் இயல்பு. கீழே முன்கடைவாய்ப்பல் நுனியில் என்றால் தாடை நரம்பு வெளிவரும் துளை. எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் சாய்த்து இன்னொரு படம் எடுத்தால் போதும்: துளையாக இருந்தால் வேரைவிட்டு நகர்ந்துவிடும், வேரைச் சேர்ந்த நோயாக இருந்தால் கூடவே வரும்.

தாடை மூலைக்கு அருகில், நரம்புக் கால்வாய்க்குக் கீழே ஒரு நீள்வட்டம் தெரிந்தால் பெரும்பாலும் ஸ்டாஃப்னி குழி. தாடையின் உட்புறம் எலும்பில் விழுந்த பள்ளம், அவ்வளவுதான். கத்தி வைக்க வேண்டியதில்லை.

9 ஜூன், திங்கள்

முளைக்காத ஞானப்பல்லின் தலையைச் சுற்றிய கறுப்பு. முளைக்காத எந்தப் பல்லுக்கும் ஓர் உறை உண்டு. படத்தில் 2–3 மில்லிமீட்டர் இடைவெளி சாதாரணம். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் பல்லுறை நீர்க்கட்டி என்று சந்தேகிக்கலாம். கீழ் ஞானப்பல்லும் மேல் சிங்கப்பல்லும் இதற்குப் பேர்போன இடங்கள்.

பார்க்க வேண்டியது ஒட்டுமிடத்தை. எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கழுத்தில் உறை ஒட்டியிருக்க வேண்டும். கறுப்பு அதைத் தாண்டி வேர்ப்பக்கம் இறங்கினாலோ, தலையில் பட்டும் படாமலும் நின்றாலோ, கெரடோசிஸ்ட் (உள்ளே கெரட்டின் செதில் நிறையும் நீர்க்கட்டி), ஒற்றை அறை அமெலோபிளாஸ்டோமா (பல் உருவாக்கும் செல்களிலிருந்து வரும் கட்டி) இரண்டையும் பட்டியலில் சேர்க்கவும். இரண்டும் ஞானப்பல்லைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளை வேஷம் போடும். பக்கத்துப் பல்லின் வேர் கத்தியால் வெட்டினாற்போல் கரைந்திருந்தால் அமெலோபிளாஸ்டோமாவை முன்னால் வைத்து யோசிக்க வேண்டும்.

14 ஜூன், சனி

கட்டிக்குள் இருப்பது என்ன என்று ஊசி போட்டு உறிஞ்சிப் பார்ப்பது. மரப்பூசி கொடுத்து, 18 கேஜ் ஊசியும் 10 மில்லி சிரிஞ்சும். மெல்லிய ஊசியில் கெட்டிச் சரக்கு ஏறாது. 'ஒன்றும் வரவில்லை' என்று தவறாக எழுதிவிடுவோம். எலும்பு மெலிந்து, அழுத்தினால் முட்டையோடு போல் நெறுக்கென்னும் இடமே குத்த வசதி.

வைக்கோல் நிற நீர் வந்தால் அதில் ஒரு சொட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவும். மீன் செதில் பொடித்துத் தூவியதுபோல் மினுமினுத்தால் கொலஸ்ட்ரால் படிகம்; நாள்பட்ட நீர்க்கட்டிக்குச் சேரும். திரிந்த பாலின் திப்பிபோல் வெண்மையாக வந்தால் கெரடோசிஸ்ட். நீரின் புரதம் 100 மில்லிக்கு 4 கிராமுக்குக் கீழே என்றாலும் அந்தப் பக்கமே சாயும். காற்று வந்தால் ஊசி சைனஸில் நிற்கிறது. ஒன்றுமே வரவில்லை என்றால் ஊசியை நகர்த்திப் பார்க்கவும். அப்போதும் வறட்சி என்றால் உள்ளே திடக் கட்டி.

புது ரத்தம் தானாகவே பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளினால் அங்கேயே நிறுத்தவும். ரத்தக்குழாய்க் கட்டியை நாற்காலியில் வைத்துத் திறந்தால் உயிருக்கே ஆபத்து. கத்திக்கு முன்னால் ஊசி போடச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

20 ஜூன், வெள்ளி

கெரடோசிஸ்ட். 1956-இல் பிலிப்சன் என்ற ஆய்வாளர் பெயரிட்டார். 2005-இல் உலக சுகாதார நிறுவனம் 'டியூமர்' பட்டியலில் சேர்த்தது. 2017-இல் மறுபடி நீர்க்கட்டியாக்கியது. பெயர் எதுவானாலும் குணம் ஒன்றே. எலும்பின் மஜ்ஜைப் பகுதியில் நீளவாக்கில் ஊர்ந்து போகும், பக்கவாட்டில் அதிகம் உப்பாது. கடைவாயிலிருந்து தாடையின் ஏறு பகுதிவரை காலியாகியும் முகத்தில் வீக்கம் இல்லை என்றால் இதை நினைக்கவும்.

சிறு வயதில் ஒன்றுக்கு மேற்பட்ட கெரடோசிஸ்ட் என்றால் கார்லின் சிண்ட்ரோம் என்ற பரம்பரை நோய் உண்டா என்று பார்க்க வேண்டும்: உள்ளங்கையில் ஊசி குத்தினாற்போல் சிறு குழிகள், மார்பு எக்ஸ்ரேயில் இரண்டாகப் பிளந்த விலா எலும்பு.

24 ஜூன், செவ்வாய்

பயாப்சிக்கு எடுத்த திசுவைப் போடும் பாட்டிலில்தான் பாதித் தவறு நடக்கிறது. திசுவைப்போல் குறைந்தது 10 மடங்கு, திசு கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் ஊற்றவும். சலைனில் (உப்புநீரில்) போட்டால் திசு அழுகிவிடும். குறுகிய வாய் பாட்டில் வேண்டாம். வழவழவென்று உள்ளே போனது விறைத்த பின் வெளியே வராது. கிடுக்கியால் நசுக்கக் கூடாது.

கெரடோசிஸ்ட்டின் உள்சுவரில் செல் அடுக்கு ஐந்து முதல் எட்டுவரைதான்; அடிவரிசைச் செல்கள் வேலிக்கம்புபோல் நிற்கும். சீழ் பிடித்த இடத்தில் இந்த அடையாளங்கள் அழிந்து, ஏதோ ஒரு நீர்க்கட்டிச் சுவராக மட்டும் தெரியும். ஆகவே அழற்சி இல்லாத பகுதியிலிருந்தும் ஒரு துண்டு எடுக்கவும். கோரிக்கைச் சீட்டில் பல் உயிர்ச் சோதனை முடிவு, ஊசியில் வந்தது என்ன, எக்ஸ்ரே நகல் மூன்றும் போகட்டும். படம் ஒன்று சொல்லி ரிப்போர்ட் 'அழற்சியுள்ள நீர்க்கட்டி' என்று மட்டும் வந்தால், திசுவைச் சோதித்த பேதாலஜிஸ்ட்டுக்குப் போன் போட்டு, மீதிச் சுவர் முழுவதையும் வெட்டிப் பார்க்கச் சொல்லவும்.